மீன் எப்படி மூச்சு விடும்?

குளிர் தேசத்து ஏரிகள் அடியிலிருந்து உறைவதில்லை, மேலிருந்துதான் உறைகின்றன. மேலே பனிக்கட்டி மூடிக்கொண்டாலும் அடியில் 4 டிகிரி சென்டிகிரேடில் ஜலம் ஜலமாகவே இருக்கிறது. ஆகையால் மீன்கள் பிழைத்திருக்கின்றன.

இந்த மூன்று வாக்கியங்களையும் இருபது வருஷங்களுக்கு மேலாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். கரும்பலகையில் ஒரு பெரிய கிண்ணம் வரைவேன். அதன் வாயில் வெள்ளையாக ஒரு பட்டை தீட்டுவேன். அடியில் ‘4’ என்று எழுதி, பக்கத்தில் இரண்டு மீன்களைப் போடுவேன். என் கைவாகு எப்படியோ, அந்த மீன்கள் எப்போதும் புன்னகை செய்துகொண்டே இருக்கும். பனிக்கட்டி என்று நான் கண்டதெல்லாம் கரும்புச்சாறுக் கடையில் கோணியைச் சுற்றி வைத்திருக்கும் பாளந்தான் என்ற ரகசியம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

சுமார் பத்து வருஷங்களுக்கு முன், ஒன்பதாம் வகுப்பில், கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து நின்றான். “ஸார், மேலே முழுக்க மூடிட்டா மீன் எப்படி ஸார் மூச்சு விடும்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. பரீட்சைக்கு இன்னும் இரண்டு பாடங்கள் பாக்கி. “புஸ்தகத்தில் இருப்பதைக் கேள். உட்கார்” என்றேன். உட்கார்ந்தான். அந்த வருஷம் முழுவதும் அவன் வேறொரு கேள்வியும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. உண்மையைச் சொல்வதானால், நானும் அதை மறந்தே போனேன். 2025ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், எட்டாயிரம் மைலுக்கு அப்பால், ஓர் ஏரியின் முதுகின்மேல் நான் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பையன் மறுபடியும் எழுந்து நின்றான்.

அங்கே நான் போன காரணம் மிகவும் சாதாரணமானது. என் தம்பி அமெரிக்காவில் மின்னஸோட்டா மாகாணத்தில், மின்னியாபொலிஸ் நகரில் குடும்பத்துடன் இருக்கிறான். அவனுடன் சில மாதம் தங்கியிருந்த எங்கள் தாயாரை ஊருக்கு அழைத்துவர வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் கெஞ்சி விடுப்பு வாங்கிக்கொண்டு போனேன். தம்பியின் அண்டை வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். பள்ளிக்கூடத்துப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் உபாத்தியாயர் என்று தெரிந்ததும் ஏதோ ஒரே இலாகாக்காரர்கள் என்ற பாத்தியதையுடன், “சனிக்கிழமை ஏரிக்குப் போகிறேன். நீங்களும் வாருங்கள். பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கலாம்” என்று அழைத்தார்.

“போய் வருவோமா அண்ணா?” என்றான் தம்பி.

“தண்ணி மேலே நடக்கிறதுக்கு நீ என்னடா, சித்த புருஷனா?” என்றாள் தாயார். “அப்படியே பிடிச்சாலும் அந்த மீனை யார் தின்கிறது? நம் வீட்டிலே மீன் வாடையே ஆகாது.”

இரண்டு கேள்விகளுக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் இருபது வருஷம் வரைந்த படத்தை ஒரு தடவை நேரில் பார்க்காமல் திரும்பினால் எப்படி?

மின்னஸோட்டாவில் மோட்டார் வண்டிகளின் எண் பலகையிலேயே ‘பத்தாயிரம் ஏரிகள்’ என்று எழுதியிருக்கிறது. உண்மையில் பத்து ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரிகள் 11,842 என்று கணக்கு. விளம்பரத்தில் குறைத்துச் சொல்லும் தேசத்தை நான் அங்கேதான் கண்டேன்! நாங்கள் போன ஏரிக்கு மில் லாக்ஸ் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் ‘ஆயிரம் ஏரி’ என்று அர்த்தம். அந்த மண்ணுக்கு உரியவர்களான ஓஜிப்வே மக்கள் தங்கள் பாஷையில் அதைப் பேரேரி என்றே அழைக்கிறார்கள்; அதுதான் பொருத்தம். பரப்பு இருநூறு சதுர மைலுக்குச் சற்று அதிகம். ஆழமோ, மிக ஆழமான இடத்திலும் நாற்பத்திரண்டு அடிதான்.

கரையில் இறங்கியபோது எனக்கு ஏரியே தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று ஒரு மைதானம் தெரிந்தது. அதன்மேல் வரிசை வரிசையாகச் சிறு வீடுகள். சில வீடுகளின் புகைபோக்கியில் புகை. வீடுகளுக்கு நடுவே பனியை வழித்துப் போட்ட சாலைகள். அவற்றில் மோட்டார் வண்டிகள். ஏரிக்கரை விடுதிக்காரர்கள் இந்தச் சாலைகளைப் பராமரித்துச் சுங்கமும் வசூல் செய்கிறார்கள். குளிர்காலம் முடியுமுன் சர்க்கார் குறித்த தேதிக்குள் இந்த ஊர் முழுவதையும் காலி செய்துவிட வேண்டும் என்பது சட்டம். மார்ச்சு கடைசியில் வந்து பார்த்தால் ஊர் இருந்த அடையாளமே இராது.

அன்று காலை பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி. நான் உடுத்தியிருந்தவற்றைக் கணக்கிட்டால் ஒரு ஜவுளிக் கடை வைக்கலாம். இத்தனைக்கும் மேலே பெரியவர் என் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டார். உற்றுப் பார்த்தேன். ஒரு கயிற்றின் இரு முனையிலும் மரக் கைப்பிடி. ஒவ்வொரு கைப்பிடியிலும் ஒரு கூரிய ஆணி. நம் ஊர்க் குத்தூசி மாதிரி இருந்தது.

“இது மீனைக் குத்துவதற்கா?” என்று கேட்டேன்.

“இல்லை. உள்ளே விழுந்தால் நீங்கள் வெளியே வருவதற்கு” என்றார்.

பனிக்கட்டி உடைந்து விழுந்தவன் ஓரத்தைப் பிடித்து ஏறப் பார்ப்பானாம். ஈரக் கை வழுக்கும். அப்போது இந்த இரண்டு ஆணிகளையும் பனிக்கட்டியில் குத்தி, காலை உதைத்து, வயிற்றால் ஊர்ந்து ஏற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்கக் கூடாது. வந்த வழியாகவே உருண்டு போக வேண்டும். இதை அவர் பஸ்ஸில் குழந்தைகளுக்குக் கதவைத் திறக்கும் விதத்தைச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்.

மீன் பிடிக்கும் சாமான்கள் என்றால் தூண்டிலும் புழுவும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அவருடைய சறுக்கு வண்டியில் தூண்டில் அடியில் கிடந்தது. முதலில் வெளிவந்தது ஒரு கடப்பாரை! சாலையை விட்டு விலகியதும் அவர் இரண்டு அடிக்கு ஒரு தரம் கடப்பாரையால் முன்னே ஓங்கி இடித்துக்கொண்டே நடந்தார். நல்ல பனிக்கட்டி கெட்டியாகக் ‘கண் கண்’ என்று பதில் சொல்கிறது. நம்பத்தகாததில் ஓசை செத்துப்போய்விடுகிறது. ஓரிடத்தில் நின்று துளை போட்டு அளவுகோலை விட்டு அங்குலம் பார்த்தார். கண்ணாடிபோல் தெளிந்த புதுப் பனிக்கட்டியானால் மனிதன் நடக்க நான்கு அங்குலம் வேண்டும். சிறு மோட்டார் வண்டிக்கு ஒன்பது பத்து அங்குலம். பெரிய வண்டிக்கு ஓர் அடிக்கும் மேலே. வெண்மையாக, பனி ஊறிக் கட்டிய பனிக்கட்டியானால் பலம் பாதிதான். எல்லா அளவையும் இரட்டித்துக்கொள்ள வேண்டும். இத்தனை அளவையும் அச்சடித்துக் கொடுக்கும் சர்க்கார் இலாகா, முழுக்க நம்பத்தக்க பனிக்கட்டி என்று ஒன்று கிடையாது என்றும் மறக்காமல் சொல்லிவிடுகிறது. எங்கள் துளையில் பதினாலு அங்குலம் இருந்தது.

பதினாலு அங்குலம் என்பது என் கண்ணுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கத்திலேயே ஒரு வண்டி நாலு பேரையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. அது போன வழியெல்லாம் நான் அடிமேல் அடி வைத்து நடந்தேன். பாடம் நடத்தியவன் நம்பவில்லை, பஸ் ஓட்டியவர் நம்பினார்! அவர் நம்பிக்கை புஸ்தகத்திலிருந்து வந்ததல்ல. இரண்டு அடிக்கு ஒரு தரம் இடித்துப் பார்த்ததில் வந்தது.

இடித்துப் பார்த்தவர்களையும் ஏரி சில சமயம் ஏமாற்றிவிடுகிறது. 2023ஆம் வருஷம் டிசம்பர் 29ஆம் தேதி, அதே மாகாணத்தில் வடக்கே அப்பர் ரெட் லேக் என்னும் ஏரியில், மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் நின்ற பனிப்பாளம் கரையிலிருந்து பிரிந்துவிட்டது. நூறு பேருக்கு மேல் பாளத்தோடு மிதந்தார்கள். படகு கொண்டுபோய் எல்லோரையும் மீட்டார்கள். அந்தக் குளிர்காலமே வழக்கத்துக்கு மாறாக உஷ்ணமாக இருந்தது. ஏரிகள் உறைந்திருக்கும் நாட்களும் சில தலைமுறைகளாகக் குறைந்து வருகின்றன. “என் சிறு வயதில் எந்தத் தேதிக்கு ஏரிமேல் வண்டி போகும் என்று பந்தயம் கட்டலாம். இப்போது நாட்காட்டியை நம்புவதில்லை, கடப்பாரையைத்தான் நம்புகிறேன்” என்றார் பெரியவர்.

பிறகு துறப்பணம் வந்தது. நம் தச்சரின் துறப்பணந்தான். ஆனால் ஆள் உயரம், எட்டு அங்குல அகலம். முன்பெல்லாம் கையாலேயே சுற்றுவார்களாம். நாங்கள் கொண்டுபோனது மின்கலத்தில் ஓடுவது. அரை நிமிஷத்தில் துளை விழுந்தது. கறுப்பு ஜலம் பொங்கி மேலே வந்து நின்றது. பனித்துருவலை அள்ளுவதற்கு அவர் ஒரு கரண்டியை நீட்டினார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாக்ஷாத் நம் வீட்டு ஜல்லிக் கரண்டி! எண்ணெயிலிருந்து வடையை எடுக்கும் லாகவத்தோடு அவர் பனித்துருவலை எடுத்து உதறினார். அந்தக் கணத்திலிருந்து எனக்குப் பயம் பாதி போய்விட்டது.

தூண்டிற்கோல் இரண்டரை அடிதான் இருக்கும். துளைக்குப் பக்கத்திலேயே உட்கார்வதால் நீளம் வேண்டியதில்லை. அங்கே குளிர்காலத்தில் ஒருவர் இரண்டு தூண்டில் போடலாம் என்று விதி. ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டார். இன்னொன்று குறுக்குச் சட்டத்தில் கட்டிய கொடித் தூண்டில். மீன் இழுத்தால் வில் விடுபட்டுச் சிவப்புக் கொடி தானே எழுந்து நிற்கும். சாமான் பெட்டியில் ஈயக் குண்டுக்குப் பதில் வேறு உலோகத்தில் செய்த குண்டுகளே இருந்தன. அறுந்து விழும் ஈயத்தைக் கூழாங்கல் என்று விழுங்கி லூன் பறவைகள் விஷமேறிச் சாகின்றனவாம். லூன் அந்த மாகாணத்துக்கு உரிய பறவை.

பிறகு வட்டமான ஒரு கருவி. ஜலத்துக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியை வர்ணங்களாகக் காட்டும். வட்டத்தின் ஓரத்தில் தடித்த பட்டை ஏரியின் தரை. நடுவில் மெல்லிய கோடு நம் தூண்டில் முள். தரையிலிருந்து ஒரு கோடு பிரிந்து மேலே வந்தால் அது மீன். சிவப்பாகத் தெரிந்தால் மிகவும் பக்கத்தில் என்று அர்த்தம். ஒரு தரம் ஒரு சிவப்புக் கோடு எங்கள் முள்வரை வந்து, யோசித்து, திரும்பிப் போய்விட்டது. “இந்தக் கருவி மீனைக் காட்டும். அதன் மனசைக் காட்டாது” என்றார் பெரியவர்.

கொட்டகைக்குள் அடுப்பு எரிந்தது. புகை மூச்சை அடைக்காதபடி காற்றுக்கு வழி விட்டிருந்தார்கள். ஒரு மணி, இரண்டு மணி. திடீரென்று என் காலுக்குக் கீழே பூமி கர்ஜித்தது. இடிபோல் ஆரம்பித்து, தந்திக் கம்பியை மீட்டியதுபோல் நீண்டு, மைலுக்கு அப்பால் போய் மறைந்தது. நான் எழுந்தே விட்டேன்; கை தானாகக் கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டது. பெரியவர் காப்பியை ஒரு சொட்டும் சிந்தவில்லை. வெயில் ஏறினாலும் இறங்கினாலும் பனிக்கட்டி விரிந்து சுருங்கி இப்படிச் சத்தம் போடுமாம், அது சாதாரணம். “சத்தம் போடும் ஏரியைவிடப் பேசாமல் இருக்கும் ஏரிக்குத்தான் நான் பயப்படுவேன்” என்றார். வெப்பத்தால் பொருள்கள் விரிவடைதல் என்ற அத்தியாயத்தை நான் எத்தனை தடவை நடத்தியிருக்கிறேன்!

இடையில் ஓஜிப்வே மக்களின் பழைய முறையைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒளி புகாத கூடாரத்துக்குள் துளையின்மேல் குனிந்திருந்தால், வெளியிலிருந்து பனிக்கட்டி வழியாக இறங்கும் வெளிச்சத்தில் கீழே ஜலம் பிரகாசமாகத் தெரியும். மரத்தில் செதுக்கிய பொய்மீனை ஆட்டிப் பெரிய மீனை வரவழைத்து ஈட்டியால் எடுப்பார்கள். 1837ஆம் வருஷத்து உடன்படிக்கையில் தங்கள் பூமியை விட்டுக்கொடுத்தபோது, வேட்டைக்கும் மீனுக்கும் உரிமையை மட்டும் அவர்கள் விடவில்லை. மாகாண சர்க்கார் அதை ஒப்புக்கொள்ளாமல் வழக்காடியது. 1999இல் அமெரிக்காவின் தலைமை நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், உரிமை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிற்று. நூற்று அறுபத்திரண்டு வருஷம் ஒரு காகிதத்தைப் பத்திரமாக ஞாபகம் வைத்திருந்த ஜனங்களை வணங்கத்தான் வேண்டும்.

தம்பி ஜலத்துக்குள் ஒரு சிறு காமிராவை இறக்கினான். அதில் உஷ்ணமானியும் உண்டு. நான் கண்ணை அகற்றாமல் பார்த்தேன். அடிவரை போயிற்று. 4 டிகிரி வரவில்லை! மூன்றைக்கூட எட்டவில்லை. என் கரும்பலகை ஒரு கணம் ஆட்டங்கண்டது. பிறகு யோசித்தபோது விளங்கிற்று. நான் வரைவது காற்றில்லாத கிண்ணம். இது இருநூறு சதுர மைல் பரந்து, ஆழமில்லாமல் கிடக்கும் ஏரி. உறைவதற்கு முன் மாதக்கணக்கில் காற்று அதை அடிவரை கலக்கிக் கலக்கி, நாலு டிகிரிக்கும் கீழே குளிர வைத்துவிடுகிறது. அதன் பிறகே மூடி விழுகிறது. விதி தப்பவில்லை, நான் காற்றை வரைய மறந்திருந்தேன்.

அப்போதுதான் கடைசி வரிசைப் பையன் எழுந்து நின்றான். பெரியவரைப் பார்த்து அவன் கேள்வியை நான் கேட்டேன்:

“மேலே முழுக்க மூடிவிட்டால் மீன் எப்படி மூச்சு விடும்?”

அவர் சிரிக்கவில்லை. “சில ஏரிகளில் விடாது” என்றார்.

ஜலத்தில் கரைந்திருக்கும் பிராணவாயுவே மீனுக்கு மூச்சு. ஏரி மூடியபின் காற்றிலிருந்து புதிதாக வராது. பனிக்கட்டி தெளிவாக இருந்தால் வெளிச்சம் இறங்கும். பாசியும் செடிகளும் கொஞ்சம் உண்டாக்கும். அதன்மேல் பனி கனமாகக் கொட்டிவிட்டால் உள்ளே இருட்டு. செடி வேலையை நிறுத்தும். அடியில் அழுகும் சருகுகள் இருக்கிற பிராணவாயுவையும் தின்றுவிடும். மில் லாக்ஸ் போன்ற பேரேரிக்குச் சேமிப்பு அதிகம். வசந்தம் வரை தாங்கும். ஆழமில்லாத சிற்றேரிகள் தாங்குவதில்லை. மீன்கள் உள்ளேயே மூச்சு முட்டிச் சாகின்றன. பனிக்கட்டி உருகும்போது கரையெல்லாம் வெள்ளை வயிறாக ஒதுங்கும். பெரியவர் வளர்ந்த கிராமத்தில் அப்படி ஓர் ஏரி இருந்ததாம். “சில வருஷம் ஏப்ரல் மாதத்தில் சன்னலைத் திறக்க முடியாது” என்றார். இப்போது அத்தகைய ஏரிகள் சிலவற்றில் குழாய் வைத்துக் காற்றை ஊதுகிறார்கள். அந்த இடத்தில் ஜலம் உறையாது. சுற்றி எச்சரிக்கைப் பலகை நட்டிருக்கும்.

நான் ஒன்றும் பேசவில்லை. புன்னகை செய்யும் என் இரண்டு மீன்களையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வெளிச்சம் மங்கும் நேரத்தில் தூண்டில் வளைந்தது. துளையில் ஒரு தலை எழும்பிற்று. பொன்னிற உடம்பு, கண் மட்டும் கண்ணாடிக் குண்டுபோல் வெளிறிப் பளபளத்தது. ‘வால்-ஐ’ என்று அதற்குப் பெயர். நம் வாளைக்கும் அதற்கும் காதளவில்தான் உறவு. கண்ணின் உள்ளே ஒளியைத் திருப்பும் ஒரு படலம் இருப்பதால் மங்கலிலும் அதற்குப் பார்வை உண்டு. அதனால்தான் அந்தி வேளையில் இரை தேடுகிறது. பெரியவர் அளவுகோலில் வைத்துப் பார்த்துவிட்டு, “உங்கள் தாயாருக்கு என் வணக்கம்” என்று சொல்லி அதைத் திரும்ப விட்டுவிட்டார். எங்கள் வீட்டு விஷயத்தைத் தம்பி முன்பே சொல்லியிருக்க வேண்டும். வால் ஒரு தரம் அசைந்தது. கறுப்பு ஜலத்தில் ஒன்றும் இல்லை.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து அந்தப் பையனைத் தேடிப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். என்னைக் கண்டதும் எழுந்து நின்று நாற்காலி போட்டான். கேள்வியைச் சொன்னேன்.

“நானா ஸார் கேட்டேன்? எனக்கு ஞாபகமே இல்லையே” என்றான்.

நான் அவனை உட்கார்த்திய கதையையும் சொன்னேன். அதுவும் அவனுக்கு நினைவில்லை. நினைவில்லாதது எனக்குச் சமாதானமாகவும் இருந்தது, இல்லாமலும் இருந்தது. பிறகு ஏரி, துறப்பணம், பனி, இருட்டு, பிராணவாயு எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். முடிவில், “ஸார், மேலே விழுந்த பனியை மட்டும் பெருக்கித் தள்ளிட்டா உள்ளே வெளிச்சம் போகுமில்லே? மீன் பிழைச்சிடாதா?” என்றான்.

“தெரியவில்லை அப்பா. கேட்டுச் சொல்கிறேன்” என்றேன்.

அன்றிரவே தம்பி மூலமாகப் பெரியவருக்கு எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. சிறு குட்டைகளில் அப்படிப் பனியை வழித்துவிடுவது உண்டு, பலனும் உண்டு. பெரிய ஏரியில் நடவாத காரியம் என்று எழுதியிருந்தார். இதைக் கேட்டவர் யார் என்றும் விசாரித்திருந்தார்.